ரஷ்ய மூச்சு

அந்த வாத்தியக் குழுவில் பல்செட்காரர் என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். முப்பத்தோரு வருடமாகப் பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவர் தொழில். டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு செய்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, மோட்டாரில் பிடித்து மெருகேற்றி அனுப்புவார். முகம் தெரியாத மனிதர்களின் வாயெல்லாம் அவருக்கு அத்துப்படி. யார் எந்தப் பக்கம் மெல்லுகிறார், யார் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார் என்று அச்சைப் பார்த்தே சொல்லிவிடுவார். செட் பொருந்தினால் டாக்டருக்கு நல்ல பெயர். கடித்தால் இவருக்கு போன் வரும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆனால் கையிலிருக்கும் பிளாஸ்டர் தூளைக் கழுவிவிட்டு வயலினைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஓரங்கட்டிவிட்டு நாற்பத்தாறு பேர் உட்கார்ந்து ஒத்திகை பார்ப்பார்கள். மருந்துக்கடைக்காரர், வங்கிக் காசாளர், முரசு அடிக்கும் நர்ஸ் என்று எல்லாரும் பிழைப்புக்கு வேறு வேலை பார்க்கிறவர்கள். பல்செட்காரருக்கு இரண்டாம் வயலின் கூட்டத்தில் கடைசி வரிசை. இரண்டாம் வயலினுக்கு மெட்டு வராது. மெட்டு விழாமல் கீழே நின்று முட்டுக்கொடுப்பதுதான் வேலை. இருபத்திரண்டு வருடம் அவர் முட்டுக்கொடுத்தார்.

அவர் மனைவி ரொட்டிக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கிறவள். காலையிலிருந்து நின்று கால் வீங்கி வீட்டுக்கு வந்தால் உள்ளறையிலிருந்து வயலின் கேட்கும். ஒரே வரி, நாற்பது தடவை. அது சரியானதும் அடுத்த வரி, நாற்பது தடவை. கச்சேரிக்கு அவளைக் கூட்டிப்போனால் அங்கே நாற்பத்தாறு பேருக்கு நடுவில் இவர் சத்தம் எது என்று பிரித்தெடுக்க முடியாது. அவள் ஒரு நாள் சொல்லியே விட்டாள்.

"முப்பது வருஷமா உங்ககிட்ட நான் கேட்டதெல்லாம் துண்டு துண்டுதாங்க. ஒரு தடவை முழுசா கேக்கணும். அப்புறம் என்னவோ பண்ணிக்குங்க."

குறையாகத்தான் சொன்னாள். ஆனால் அது அவர் மனதில் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த வருடம் ரஷ்ய இசைக் கச்சேரி என்று முடிவானது. முதல் பாதியில் வயலினுக்கென்று எழுதிய பெரிய உருப்படி ஒன்று. அதன் தனி வாசிப்புக்குத் தலைநகரத்திலிருந்து பேர்பெற்ற வயலின்காரி ஒருத்தியை அழைத்திருந்தார்கள். அவள் கச்சேரி நாளன்றுதான் வந்து இறங்குவாள். அதுவரை நாலு மாதம் குழு பழக வேண்டுமே, தனி வாசிப்பை யாராவது வாசித்தால்தானே மற்றவர்களுக்கு எங்கே சேருவது என்று தெரியும்? குழுவை நடத்துகிற மாஸ்டர், பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், முதல் வரிசையைப் பார்த்தார். முதல் வரிசைத் தலைவரான மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தனக்கு நேரமில்லை என்றார். அது கஷ்டமான உருப்படி என்பதை நாகரிகமாகச் சொல்லும் முறை அதுதான். மற்றவர்கள் வில்லுக்குப் பிசின் தேய்க்க ஆரம்பித்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது.

இருபது வயதிலிருந்து அந்த உருப்படியைப் பல்செட்காரர் தன்னந்தனியாக வாசித்துக்கொண்டிருந்தார் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் எழுந்து முன்னால் நின்று வாசித்தபோது காசாளர் வாசிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். மாஸ்டர் அவரைத் திட்டக்கூட இல்லை.

ஒரே ஒரு இடத்தில் வில்லங்கம் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் மெருகேற்றும் மோட்டார் அவருடைய இடது சுண்டுவிரலைப் பதம் பார்த்திருந்தது. நுனி கொஞ்சம் போயிற்று, மூட்டு மடங்குவதில்லை. மற்றதையெல்லாம் எப்படியோ சமாளித்துவிடுவார். கடைசிப் பகுதியில் மட்டும், வேகமாக மேலே மேலே ஏறிப்போய் ஓர் உச்ச ஸ்வரத்தில் சுண்டுவிரல் சட்டென்று விழ வேண்டிய இடம் ஒன்று உண்டு. விரல் விழாது. உச்சத்துக்கு முன்னால் ஒரு நொடியில் பாதி நின்றால் விழும். அவர் நின்றார்.

மாஸ்டர் கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினார். "அங்க ஏன் நிக்கிறீங்க? தாள்ல அப்படி இல்லையே."

விரல் வரவில்லை மாஸ்டர் என்று சொல்லியிருந்தால் ஒரு சங்கடமும் இல்லை. அடுத்த வாரம் வேறு ஆளை நிறுத்தியிருப்பார்கள், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என்பதற்கு அவருக்கு மனம் வரவில்லை.

"அது ரஷ்யக்காரங்க பழக்கம் மாஸ்டர். பழைய ரெக்கார்டுல கேட்டிருக்கேன். உச்சத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடுவாங்க."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உலகத்தில் உண்டு என்று ஒப்புக்கொள்வது அவர் வழக்கமில்லை. "ஆமாமா. அதைத்தான் நானும் யோசிச்சேன். இருக்கட்டும்" என்றார். அடுத்த வாரமே ஏதோ தானே ரஷ்யாவுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர்போல, அந்த மூச்சின் அருமையை நாற்பத்தாறு பேருக்கும் கால்மணி நேரம் விளக்கினார். எல்லாத் தாளிலும் அந்த இடத்தில் குறி போடச் சொல்லித் தாளம்மாவிடம் உத்தரவும் போட்டார்.

தாளம்மா என்பது குழுவின் இசைத்தாள்களைப் பார்த்துக்கொள்கிற பெண்மணி. நகராட்சி அலுவலகத்தில் தட்டச்சுக்காரி, கணவன் இல்லை, பல்செட்காரருக்குப் பக்கத்து நாற்காலிதான் அவளுக்கும். பதினாறு வருடமாக இருவருக்கும் ஒரே தாள்தாங்கி. அவர் வாசிப்பார், அவள் வாசித்துக்கொண்டே பக்கம் திருப்புவாள். அவள் ஒவ்வொரு தாளாக எடுத்து, பென்சிலைக் கூர்சீவி, அந்த இடத்தில் காற்புள்ளி மாதிரி ஒரு குறி போட்டாள். போட்டுக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"நிசமாவே ரஷ்யக்காரங்களா, உங்க விரலா?"

அவர் மீதித் தாள்களை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் சிரித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.

நாலு மாதத்தில் ரஷ்ய மூச்சு குழுவின் செல்லப் பிள்ளையாகிவிட்டது. அந்த இடம் வந்தால் எல்லா வில்லும் ஒன்றாக நிற்கும், ஊதுகிறவர்கள் கன்னத்தை உப்பிக்கொண்டு காத்திருப்பார்கள். உச்ச ஸ்வரம் விழுந்ததும் நர்ஸின் முரசு திம்மென்று இறங்கும். அதற்குத் தனக்குப் புல்லரிக்கிறது என்று நர்ஸ் சொன்னாள். உடம்பில் ஊசி குத்தும்போதுகூட முகம் மாறாத பொம்பளை அவள். பல்செட்காரருக்குக் கேட்கக் கேட்க உள்ளே குளிர்ந்தது. நாற்பத்தைந்து பேர் தன் ஒரு சுண்டுவிரலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், ஏன் நிற்கிறோம் என்றும் தெரியாமல்.

வருகிறவள் நிற்கமாட்டாள் என்பது மட்டும் அவ்வப்போது அவருக்கு நினைவு வரும். சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பார். அப்போதுதான் மாஸ்டர் அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். கச்சேரி ஞாயிறு மாலை. அன்று காலையில், பள்ளிப் பிள்ளைகளுக்கும் குழுவினர் குடும்பத்துக்கும் இலவசமாக ஒரு முழு ஒத்திகை. விருந்தாளி மதியம்தான் வந்து சேர்வாள் என்பதால் காலையில் தனி வாசிப்புப் பல்செட்காரருடையது. கச்சேரி நடக்கும் ஹாலில், மேடை முன்னால் நின்று, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னார். மனைவி கை வேலையை நிறுத்தினாள். "முழுசாவா?"

"முழுசா."

"எங்க கடைப் பொண்ணுங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வர்றேன்" என்றாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவர் கல்யாணமான புதிதில் பார்த்தது.

அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? சொன்னால் காலை வாசிப்பும் போய்விடும். அவர் ஒரு கணக்குப் போட்டார். காலையில் வாசித்து முடித்துவிடுவது. மதியம் விருந்தாளி வந்ததும், அவளோடு ஒத்திகை தொடங்குமுன் மாஸ்டரைத் தனியே கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுவது. நாலைந்து பேர் உட்கார்ந்து ரப்பரால் அழித்தால் அரைமணி நேர வேலை. யாருக்கும் நஷ்டமில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மாஸ்டர் போனில் வந்தார்.

"அந்தம்மா நேத்தே வந்துட்டாங்க. ஹால்ல வாசிச்சுப் பாக்கணும்கிறாங்க. காலையிலயும் அவங்களே வாசிச்சிடட்டும், அதானே முறை. நீங்க உங்க இடத்துல உக்காந்துக்குங்க. கோச்சுக்காதீங்க, என்ன?"

"சரி மாஸ்டர்."

"வேற ஒண்ணும் இல்லையே?"

மாஸ்டர் சும்மா பேச்சுக்குக் கேட்ட கேள்விதான். ஆனாலும் கேட்டார். பல்செட்காரரின் தொண்டை வரை அந்த மூச்சு விஷயம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. நாலு மாதம் இவர்களுக்குப் பழக்கிக் கொடுத்தவன் நான், ஒரு காலைப் பொழுதுகூட எனக்குக் கிடையாதா? வாசிக்கட்டும், பார்க்கலாம்.

"ஒண்ணும் இல்லை மாஸ்டர்" என்றார்.

கோபத்தில் செய்துவிட்டேன் என்று பின்னால் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனால் கோபம் பத்து நிமிடத்தில் அடங்கிவிட்டது. ஹாலுக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. போன பிறகும் வாத்தியங்களுக்குச் சுருதி சேர்க்க இருபது நிமிடம் இருந்தது.

மனைவி அவருடைய சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னார். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்போ நீங்க?"

"நான் என் இடத்துல."

அவள் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். "பரவால்லைங்க. பொண்ணுங்ககிட்ட சொல்லிட்டேன், வர்றேன்" என்றாள். குரல் மட்டும் வேறு யாருடையதோ போல இருந்தது.

விருந்தாளிக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. பந்தா ஏதும் இல்லாமல் எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்தாள். அவளை வெறுக்க வேண்டும் என்று முடிவுகட்டி உட்கார்ந்திருந்த பல்செட்காரருக்கு ஐந்தாவது நிமிடமே அது முடியாமல் போயிற்று. அவர் முப்பத்தைந்து வருடமாகத் தட்டித் தடவித் தேடிய இடங்களிலெல்லாம் அவள் தன் வீட்டுக்குள் நடப்பதுபோல நடந்தாள். இரண்டாவது வரிசையில் மனைவி, இரு பக்கமும் கடைப் பெண்கள். மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

கடைசிப் பகுதி வந்தது. அவள் மேலே ஏறினாள். பல்செட்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

நாற்பத்தாறு பேரும் நின்றார்கள். அவரும் நின்றார், கை பழகியிருந்தது. விருந்தாளி நிற்கவில்லை. உச்ச ஸ்வரத்தைத் தொட்டு அடுத்த வரிக்குள் போய்விட்டாள். பாதிப் பேர் அவளைப் பிடிக்க ஓடினார்கள், பாதிப் பேர் மாஸ்டரின் கையைப் பார்த்தார்கள். ஊதுகிறவர்கள் அவரவர் பாட்டுக்கு ஊதினார்கள். எல்லாம் சிதறி நின்ற பிறகு, மூச்சுக்காகக் காத்திருந்த நர்ஸின் முரசு தனியாகத் திம்மென்று விழுந்தது. பள்ளிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

விருந்தாளி மட்டும் சிரிக்கவில்லை. முன்வரிசைத் தாள் ஒன்றை எட்டிப் பார்த்தாள். "இங்க ஒரு குறி இருக்கே. இதை யார் போட்டாங்க?" கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மாஸ்டருக்குக் காதுமடல் சிவந்துவிட்டது. இதைப் பல்செட் செய்கிறவர் சொன்னார், நான் நம்பினேன், நாலு மாதம் எல்லாருக்கும் பாடம் நடத்தினேன் என்று அவர் எப்படிச் சொல்வார்? பல்செட்காரர் வில்லைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. குறி போடச் சொன்னது மாஸ்டர்தான் என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும், அவரை எதிர்த்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. மாஸ்டர் அவர்களில் வாயில்லாத ஆளைத் தேர்ந்தெடுத்தார்.

"தாள் எழுதுறவங்க பண்ணின குளறுபடி. ஏதோ பழைய பிரதியிலேர்ந்து அப்படியே எடுத்துப் போட்டிருக்காங்க." பின்னால் திரும்பிக் குரலை உயர்த்தினார். "ஏம்மா, ஒரு தடவை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா? வெளியூர்லேர்ந்து வந்தவங்க முன்னாடி மானம் போகுது."

தாளம்மா எழுந்து நின்றாள். பேச்சு வாங்கும்போது எழுந்து நிற்பது அலுவலகப் பழக்கம். ஒரு தடவை பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மேடைக்கு முன்னால் பார்த்தாள்.

"தப்புதான் மாஸ்டர். அழிச்சிடறேன்" என்றாள்.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபின் மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் அவள் தாள்களைப் பரப்பிவைத்து அழித்துக்கொண்டிருந்தாள். பல்செட்காரர் போய் எதிரில் உட்கார்ந்து ஒரு கட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"நான் மாஸ்டர்கிட்ட சொல்லிடறேன்" என்றார்.

"அவர்கிட்ட என்ன சொல்லப் போறீங்க? அவருக்குத் தெரியாதா?"

"எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"எப்போ?"

அவள் தாளில் சேர்ந்த ரப்பர்த் துகளைக் கையால் தள்ளிவிட்டாள்.

"காலையில நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்க நிமிரவே இல்லை. சரி, நானே சொல்லிடலாம்னு வாயெடுத்தேன். உங்க வீட்டம்மா ரெண்டாவது வரிசையில உக்காந்திருந்தாங்க. அவங்க முகத்தைப் பாத்துட்டு விட்டுட்டேன். உங்களுக்காக ஒண்ணும் இல்லை."

அவள் குரலில் அழுகை இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அது இல்லை. மிச்சத் தாள்களை இருவரும் அழித்து முடித்தார்கள்.

மாலைக் கச்சேரியில் ஒரு பிசிறு இல்லை. மூச்சும் இல்லை. ஹால் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. மாஸ்டர் விருந்தாளிக்குப் பூங்கொத்துக் கொடுத்தார், பிறகு ஒவ்வொரு வரிசையாகக் கைகாட்டி எழுந்திருக்கச் சொன்னார். இரண்டாம் வயலின் கடைசி வரிசையும் எழுந்தது. தாளம்மா மட்டும் குனிந்து வயலினைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடந்து போகும்போது மனைவி சொன்னாள், "முழுசா கேட்டா இப்படித்தான் இருக்குமாங்க? இத்தனை வருஷம் இதையா நான் சத்தம்னு நினைச்சேன்?"

"ம்."

"நீங்க வாசிச்சுக் கேட்டிருக்கணும். அந்தக் குளறுபடியெல்லாம் தாளம்மாவாலதான். காலையில பாவம் வந்தவங்களுக்கு எவ்வளவு அவமானம். தாள்ல ஒழுங்கா எழுதத் தெரியலைன்னா எதுக்கு அந்த வேலை?" தெருமுனையில் அவர் கையிலிருந்த வயலின் பெட்டியைத் தான் வாங்கிக்கொண்டாள். அப்படி அவள் இதற்கு முன்னால் செய்ததில்லை. "அதையும் நீங்க சாப்பிடாம உக்காந்து அழிச்சுக் கொடுத்தீங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. அந்த மனசு வேற யாருக்கு வரும்?"

இதுதான் இடம். இருட்டு, தெருவில் ஆள் இல்லை, மனைவி ஒருத்திதான். அவர் வாயைத் திறந்தார். அவள் பெட்டியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

"பாத்து நட, படி இருக்கு" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தாளம்மா வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பியிருந்தாள். அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. மூன்றாவது வாரம் அவளுடைய நாற்காலியை எடுத்து ஓரத்தில் போட்டார்கள், வரிசை நெருக்கமாயிற்று. யாரும் அவளைப் பற்றிக் கேட்கவில்லை. நர்ஸ் மட்டும் ஒரு தடவை கேட்டுவிட்டு முரசின் தோலை இறுக்கப் போய்விட்டாள்.

ஒத்திகை முடிந்ததும் மாஸ்டர் பல்செட்காரரைக் கூப்பிட்டார். தோளில் கை போட்டார். அவர் தோளில் கை போடுகிற ரகம் இல்லை.

"தாளையெல்லாம் இனிமே நீங்களே பாத்துக்குங்க. விவரம் தெரிஞ்ச ஆள் கையில இருந்தா எனக்கும் நிம்மதி." அலமாரிச் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து மூடினார். அவருடைய கண் மட்டும் இவர் முகத்துக்கு வராமல் கதவுப் பக்கம் நின்றது. "போன தடவை மாதிரி தப்பு வரக்கூடாது, பாத்துக்குங்க."

"வராது மாஸ்டர்" என்றார் பல்செட்காரர்.